வயலில் விளைந்த தொப்பிகள்

போன வருஷம் சித்திரைக் கடைசியில் எங்கள் நிலத்தில் மல்லாட்டை பறிப்பு நடந்துகொண்டிருந்தது. விழுப்புரம் பக்கத்தில் மூன்று ஏக்கர். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு நானே இறங்கிச் செய்கிறேன். அன்றைக்கு எட்டுப் பெண்கள், இரண்டு ஆண்கள், கூட நானும். விதைக்கடை ஒன்றில் சும்மா கொடுத்த நைலான் தொப்பியைப் போட்டிருந்தேன். முன்னால் மட்டும் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அது. பதினோரு மணி இருக்கும். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. செடியைப் பிடித்த கையில் பிடி நிற்கவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

பறிப்புக்கு வந்திருந்த ஒரு ஆயா, எழுபது வயசு இருக்கும், ஓடிவந்து முதல் காரியமாக என் தொப்பியைப் பிடுங்கி எறிந்தார். தலையில் ஒரு சொம்புத் தண்ணியை ஊற்றினார். வேப்பமரத்து நிழலில் உட்கார வைத்து, தன் தலைத்துண்டை நனைத்து என் பிடரியில் போட்டார். நான் கொஞ்சம் தெளிந்ததும், "இது தொப்பியா சாரு? சட்டிய கவுத்துக்குனு வெய்யில்ல குந்திகிறீங்க, மண்ட வேவாதா?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டேன். ஆனால் ராத்திரி படுக்கும்போது அந்தக் கேள்வி குடைந்தது. வங்கியில் இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான பயிர்க்கடன் மனுக்களைப் பார்த்திருக்கிறேன். விதை, உரம், உழவு, கூலி என்று ஏக்கருக்கு இவ்வளவு என்று பட்டியல் இருக்கும். உழுகிறவர் தலைக்கு மேல் நிழல் என்று ஒரு வரி எந்தப் பட்டியலிலும் கிடையாது. எனக்கும் அது குறையாகத் தோன்றியதில்லை, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவன்தானே.

அதற்குப் பிறகுதான் மற்ற நாட்டு உழவர்கள் தலையில் என்ன வைத்துக்கொள்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒன்று தெளிவாகப் புரிந்தது. நல்ல வயல் தொப்பிகள் அந்தந்த நிலத்தின் ஓரத்திலேயே விளைந்தவை. ஏரும் மண்வெட்டியும் போல அதுவும் ஒரு வேளாண் கருவி. நாம் அதைக் கருவிக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டோம்.

தலை கேட்பது என்ன?

உடம்பு தன் சூட்டை முக்கியமாக வியர்வை மூலம் வெளியேற்றுகிறது. வியர்வை ஊறுவது மட்டும் போதாது, அது காய வேண்டும். காயும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆகவே வயல் தொப்பிக்கு மூன்று வேலை. வெயில் நேராகத் தலையிலும் பிடரியிலும் விழாமல் தடுக்க வேண்டும். தலைக்கும் தனக்கும் நடுவே காற்று போக இடம் விட வேண்டும். குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய இரண்டு கையையும் விட்டுவைக்க வேண்டும்.

என் நைலான் தொப்பி முதல் வேலையைப் பாதி செய்தது. காதும் பிடரியும் வெயிலில் கிடந்தன. இரண்டாவது வேலையைச் செய்யவே இல்லை. மண்டையோடு ஒட்டிக்கொண்டு வியர்வையை உள்ளேயே பூட்டி வைத்தது. ஆயா சட்டி என்று சொன்னது சரிதான்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஈரக்காற்று ஊருக்கும் வறண்ட காற்று ஊருக்கும் ஒரே தொப்பி ஆகாது. நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. நெல் விளையும் ஈரமான ஊரில் காற்று 32, 33 டிகிரியில் இருந்தால் காற்று பட்டாலே சுகம். அங்கே குடை போல விரிந்து, தலையைத் தொடாமல் நிற்கும் ஓலைத் தொப்பி வேண்டும். பாலைவனத்து ஊரில் காற்றே 45 டிகிரி. அங்கே வீசும் காற்று சூட்டைக் கொண்டுவந்து கொட்டும். அதனால் பல சுற்றுத் துணியால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். மடிப்புகளுக்கு நடுவே நிற்கும் அசையாத காற்று ஒரு சுவர் மாதிரி காக்கும். ஓலைத் தொப்பிக்காரர்களும் தலைப்பாகைக்காரர்களும் உலகத்தில் இப்படித்தான் பிரிந்தார்கள் என்று மொத்தமாகச் சொல்லிவிடலாம்.

நெல் வயல்களின் கூம்பு

வியட்நாமின் 'நோன் லா' என்ற கூம்புத் தொப்பியைப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நோன் என்றால் தொப்பி, லா என்றால் இலை. மெல்லிய மூங்கில் வளையங்கள், பெரும்பாலும் 16, சின்னதில் இருந்து பெரியது வரை அடுக்கி, அதன் மேல் இளம் பனையோலை வகை இலைகளைப் பரப்பித் தைக்கிறார்கள். இலையை முதலில் வெயிலில் வெளுக்க வைத்து, சூடான இரும்பின் மேல் தேய்த்து நீவி எடுப்பார்கள். ஹனோய் பக்கத்தில் சுவோங் என்ற கிராமமே இந்தத் தொப்பிக்குப் பேர் போனது. நடுவில் இருக்கும் ஹுவே நகரத்துக்காரர்கள் இரண்டு ஓலைக்கு நடுவே கவிதை வரிகளை வெட்டி வைத்துத் தைப்பார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எழுத்து தெரியும்.

அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், அதன் உபயோகத்தைப் பாருங்கள். நடவுக்குக் குனிந்தால் முதுகின் மேல்பகுதி வரை நிழல். மழை வந்தால் தண்ணீர் சரிந்து ஓடிவிடும். உட்கார்ந்தால் விசிறி. தாகம் எடுத்தால் தண்ணீர் மொள்ள ஏனம். சந்தையில் காய் வாங்கினால் கூடை. மத்தியானம் தண்ணீரில் முக்கி எடுத்துப் போட்டுக்கொண்டால், ஓலை காயக் காயத் தலை குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே கணக்கு.

ஜப்பானில் 'சுகேகாசா' என்பது கோரைத் தொப்பி. தொயாமா மாகாணத்தில் ஃபுகுவோகா என்ற ஊர் இதற்குத் தலைமையிடம். பேரைக் கேட்டதும் நம்மவர்களுக்கு 'ஒற்றை வைக்கோல் புரட்சி' எழுதிய மசானோபு ஃபுகுவோகா நினைவுக்கு வருவார். அவர் வேறு, இந்த ஊர் வேறு. இங்கே கோரைக் குடும்பத்துப் புல் ஒன்றை நெல் வயலில் பயிராகவே நட்டு வளர்க்கிறார்கள். மூங்கில் சட்டத்தைப் பெரும்பாலும் ஆண்கள் செய்ய, கோரையைத் தைப்பது பெண்கள் வேலை. 2009ல் ஜப்பான் அரசு இந்தக் கைத்தொழிலை நாட்டின் முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

அந்தத் தொப்பிக்குள்ளே ஒரு சின்ன அமைப்பு உண்டு. தலையில் உட்காரும் ஒரு வளையம். தொப்பியை மண்டையில் படாமல் தூக்கி நிறுத்துவது அதுதான். அடுப்பில் கெட்டிலை வைக்கும் இரும்பு முக்காலிக்கு என்ன பேரோ அதே பேர்தான் இதற்கும்: 'கோதொகு'. நம் ஊர்ப் பெண்கள் குடத்துக்குக் கீழே சும்மாடு வைப்பது போலத்தான். தொப்பியின் உயிரே அந்த வளையத்தில் இருக்கிறது. அதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று கடைசியில் தெரியும்.

நம் நாட்டிலேயே அசாம் மாநிலத்து 'ஜாபி'யைச் சொல்ல வேண்டும். மூங்கிலும் பிரம்பும் சேர்ந்த சட்டத்தில் 'டோகோ' என்ற விசிறிப்பனை ஓலை வைத்துச் செய்வது. உழுகிறவர் போடுவதற்கு ஹாலுவா ஜாபி, மாடு மேய்ப்பவருக்கு வேறு ஜாபி, கல்யாணத்துக்கும் விருந்தாளிக்கு மரியாதை செய்யவும் பூ வேலை செய்த ஜாபி என்று வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். 2024ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பக்கத்து மேகாலயாவில் காசி மக்களின் 'க்னுப்' இன்னும் விசேஷம். மூங்கிலும் இலையும் கொண்டு, ஆமை ஓடு மாதிரி தலையில் இருந்து முதுகு முழுக்க மூடும். வருஷத்துக்குச் சுமார் 11,800 மில்லிமீட்டர் மழை பெய்யும் மௌசின்ராம் அந்த ஊர்ப் பக்கம்தானே. குடை பிடித்தால் ஒரு கை போச்சு. க்னுப் போட்டால் இரண்டு கையும் வயலில்.

கேரளாவிலும் பனையோலையில் காம்பு இல்லாத 'தொப்பிக்குடை' உண்டு. தலையிலேயே உட்கார்ந்திருக்கும் குடை. பாக்குமட்டையை மடித்துச் செய்யும் 'பாளத்தொப்பி'யும் அங்கே உழவர்கள் போட்டதுதான். கடலோரக் கர்நாடகத்தில் துளு பேசுபவர்கள் அதே பாக்குமட்டைத் தொப்பியை 'முட்டாளெ' என்பார்கள். நாம் பாக்குமட்டையில் தட்டு செய்து கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு எறிகிறோம். அவர்கள் அதைத் தலையில் வைத்து ஒரு பருவம் ஓட்டினார்கள்.

வறண்ட நிலத்தின் துணி

ராஜஸ்தானத்து பக்டி 20 மீட்டருக்கு மேல்கூட நீளும் பருத்தித் துணி. தலையில் சுற்றினால் வெயில் தாங்கும். அவிழ்த்தால் தலையணை, போர்வை, அவசரத்துக்குக் கிணற்றில் செம்பு இறக்கும் கயிறு. ஆப்பிரிக்காவின் சஹாராவில் துவாரெக் மக்களின் ஆண்கள் தலையையும் முகத்தையும் சேர்த்துச் சுற்றும் நீளத் துணி 'தாகெல்முஸ்த்'. அதற்கு நீலச் சாயம், எங்கள் திண்டிவனம் பக்கம் விளையும் அவுரி மாதிரி செடியில் இருந்து எடுப்பது. வெயிலும் மணல்காற்றும் உள்ளே வராது, மூக்கு வழியாகப் போகும் ஈரமும் துணியில் தங்கி நிற்கும்.

அதே பாலைவனத்துக்குத் தெற்கே மாடு மேய்க்கும் ஃபுலானி மக்கள் நார்ப் பின்னலில் கூம்புத் தொப்பி செய்து, அதன் மேல் தோல் தைத்துப் போடுகிறார்கள். மழைக்காலம், வெயில்காலம் இரண்டும் பார்க்கும் ஊருக்கு இரண்டும் கலந்த தொப்பி. மெக்சிகோவின் அகலத் தொப்பியின் பேர் 'சோம்ப்ரேரோ'. ஸ்பானிய மொழியில் 'சோம்ப்ரா' என்றால் நிழல். பேரிலேயே வேலையைச் சொல்லிவிட்டார்கள்.

பயிரான தொப்பி

நம் இதழ் வாசகர்களுக்கு அதிகம் பிடிக்கப்போவது பிலிப்பைன்ஸ் கதை என்று நினைக்கிறேன். அங்கே ஆப்ரா மாகாணத்தில் சான் கின்டின் என்ற ஊரில் தியோஃபிலோ கார்சியா என்ற உழவர் சுரைக்காயில் தொப்பி செய்கிறார். 'தபுங்காவ்' என்பது அந்தத் தொப்பியின் பேர், அந்த ஊர் மொழியில் சுரைக்காய்க்கும் அதே பேர். விதையை அவரே ஊன்றி, கொடியில் நன்றாக முற்றவிட்டு, அறுத்து, உள்ளே சுரண்டிக் காயவைத்து, மேலே மெருகு பூசுகிறார். உள்ளே பிரம்பு, மூங்கில் பின்னல் வைத்துத் தலைக்குப் பொருத்துகிறார். எடை குறைவு, மழைக்கு ஊறாது. 2012ல் பிலிப்பைன்ஸ் அரசு அவருக்கு நாட்டின் வாழும் கலைச்செல்வர் என்ற விருதைக் கொடுத்தது. விதையில் இருந்து தலை வரை ஒரே ஆள் கையில். சுரை விதை சேகரிக்கும் நண்பர்கள் இதைக் கவனியுங்கள். காய்க்கு ஏற்ற சுரை வேறு, குடுவைக்கு ஏற்ற சுரை வேறு, தொப்பிக்கு ஏற்ற சுரை வேறு. ஒரு ரகம் அழிந்தால் அதோடு ஒரு கைத்தொழிலும் போய்விடும்.

இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்துக்குப் பக்கம் சிக்னா என்ற ஊரில் 1700களின் முற்பகுதியிலேயே தொப்பிக்காக என்று கோதுமை விதைத்தார்கள். நாம் மணிக்காகச் செய்வதற்கு நேர் எதிர். நெருக்கி விதைப்பார்கள், தாள் மெலிந்து நீண்டு வரட்டும் என்று. மணி முற்றுவதற்கு முன்பே பிடுங்கிவிடுவார்கள், தாள் வளையட்டும் என்று. பிறகு வெயிலில் வெளுக்க வைத்துப் பின்னுவார்கள்.

இதைப் படித்தபோது நம் நெல்லை நினைத்துக்கொண்டேன். நெட்டை ரகங்கள் இருந்தவரை வைக்கோல் மாட்டுக்கு, கூரைக்கு, பிரிக்கு, பழம் பழுக்க வைக்க என்று எத்தனைக்கு ஆனது! குட்டை ரகங்கள் வந்ததும் மகசூல் என்றால் மணி மட்டும்தான் என்று ஆகிவிட்டது. தாளையும் மகசூலில் சேர்த்த காலத்தில்தான் வைக்கோல் தொப்பிகள் பிறந்தன. மரபு ரகம் வளர்ப்பவர்கள் இந்தக் கணக்கையும் எழுதி வைக்க வேண்டும்.

பேரைத் துறைமுகம் எடுத்துக்கொண்டது

இத்தாலிக்காரர்களின் அந்தத் தொப்பிக்கு ஆங்கிலத்தில் சிக்னா என்று பேர் வரவில்லை. கப்பல் ஏற்றிய லிவோர்னோ துறைமுகத்தின் பேர்தான் வந்தது. ஆங்கிலேயர் வாயில் அது லெக்ஹார்ன். இதைவிடப் பெரிய கூத்து பனாமா தொப்பி. அது பனாமா நாட்டில் பிறந்ததே இல்லை. தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டு உழவர்கள் வளர்க்கும் 'டோகியா' என்ற பனை மாதிரிச் செடியின் விரியாத குருத்தை வெட்டி, நாராகக் கிழித்து, அவித்து, காயவைத்துப் பின்னுவது. மான்டேகிறிஸ்டி என்ற ஊரின் மிக நைசான தொப்பி ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும். வெயில் ஏறினால் நார் முறியும் என்று காலையிலும் மாலையிலும்தான் பின்னுவார்கள்.

சரக்கு பனாமா வழியாக உலகத்துக்குப் போனது. 1904 முதல் 1914 வரை அமெரிக்கர்கள் அங்கே கால்வாய் வெட்டியபோது ஆயிரக்கணக்கானவர் தலையில் அது ஏறியது. 1906ல் அந்த வேலையைப் பார்க்கப் போன அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்தத் தொப்பியோடு இருக்கும் படம் ஊரெல்லாம் பரவியது. பேர் பனாமாவுக்கே நிலைத்துவிட்டது. 2012ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோதுதான் 'எக்குவடோரின் டோகியா தொப்பிப் பின்னல்' என்று சரியான பேரோடு எழுதியது.

விளைவித்தவன் பேர் போய், ஏற்றி அனுப்பினவன் பேர் நிற்பது நமக்குப் புதுசா என்ன? நம் அரிசியும் மஞ்சளும் யார் பேர் போட்ட பையில் விற்கிறது என்று பார்த்தால் தெரியும்.

பகட்டுக்குச் செய்ததும் பாட்டுக்கு ஆனதும்

தலையில் வைப்பதெல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் பணக்காரர்கள் போட்ட உரோமத் தொப்பிக்கு நீர்நாய் போல நீரில் வாழும் பீவர் என்ற பிராணியைக் கொன்றார்கள். தோலுக்காக வேட்டையாடி வேட்டையாடி, 1900 வாக்கில் ஐரோப்பா, ஆசியா இரண்டிலும் சேர்த்துச் சுமார் 1,200 பீவர்தான் மிஞ்சியிருந்தன. உரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பூசினார்கள். அந்தப் புகையை மூச்சில் இழுத்த தொழிலாளிகளுக்குக் கை நடுக்கம், பேச்சுக் குழறல், மனக்குழப்பம். அமெரிக்காவில் டான்பரி என்ற தொப்பித் தொழில் ஊரில் அந்த நடுக்கத்துக்கு ஊர்ப் பேரையே வைத்தார்கள். பாதரசம் கெடுதல் என்று தெரிந்த பிறகும் பல காலம் ஓடியது. அமெரிக்காவில் அதைத் தடுத்தது 1941ல்தான். வேகமாக வேலை முடிகிறது என்று ஒரு விஷத்தை உள்ளே விட்டு, அதைச் செய்கிறவன் உடம்பில் கணக்கு ஏறிய கதை. பூச்சிக்கொல்லி தெளித்துப் பழகிய நமக்கு விளக்க வேண்டியதில்லை.

ஓலையும் கோரையும் சுரையும் யாரையும் அப்படிக் கொன்றதில்லை.

தலைத்துண்டும் தன்மானமும்

தலையில் இருப்பது வெயிலுக்கு மட்டும் இல்லை. ஆப்பிரிக்காவில் லெசோத்தோ என்ற மலைநாட்டில் புல்லில் பின்னும் கூம்புத் தொப்பி 'மொகொரோட்லோ'. 1966ல் விடுதலை வாங்கியபோது தங்கள் கொடியில் அதைப் போட்டுக்கொண்டார்கள். 2006ல் கொடியை மாற்றியபோது தொப்பியை நடுவில் வைத்தார்கள்.

நம் நாட்டில் 1907ல் பஞ்சாபில் கால்வாய்க் குடியிருப்பு நிலங்களில் உழவர்களின் உரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தபோது எழுந்த போராட்டத்துக்குப் பேர் 'பக்டி சம்பால் ஜட்டா'. உழவனே, உன் தலைப்பாகையைக் காத்துக்கொள் என்று பொருள். பகத் சிங்கின் சித்தப்பா அஜித் சிங் அதை முன்னின்று நடத்தியவர். அவரை மண்டலேக்கு நாடு கடத்தினார்கள். ஆனாலும் அந்தச் சட்டத்துக்கு வைஸ்ராய் ஒப்புதல் தராமல் நிறுத்த வேண்டியதாயிற்று. தில்லி எல்லையில் உழவர்கள் உட்கார்ந்திருந்தபோது, 2021 பிப்ரவரி 23 அன்று அதன் நினைவாகத் தலைப்பாகை நாள் கொண்டாடினார்கள். நம்மாழ்வார் ஐயாவை நினைத்தாலும் தலையில் கட்டிய பச்சைத் துணியோடுதானே கண்ணுக்கு வருகிறார்.

கூடவே ஒரு கசப்பையும் எழுத வேண்டும். நம் ஊர்களில் நிலக்காரர் எதிரே வந்தால் கூலிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. என் தாத்தா காலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு முன்னாலும் அது நடந்தது. வெயிலில் நிற்கிறவன் தலையில் இருந்து நிழலை எடுக்கச் சொன்னவர்கள் திண்ணை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். போன வருஷம் ஒரு ஆயா தன் தலைத்துண்டை அவிழ்த்து என் பிடரியில் போட்டபோது எனக்கு அதுவும்தான் ஞாபகம் வந்தது.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?

வெயில் கூடிக்கொண்டே போகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2030 வாக்கில் உலகத்தின் மொத்த வேலை நேரத்தில் 2.2 விழுக்காடு வெப்பத்தால் வீணாகும், அது 8 கோடி முழுநேர வேலைக்குச் சமம், அந்த இழப்பில் 60 விழுக்காடு விவசாயத்தில்தான் என்கிறது. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகராகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் வாலிபர்களுக்கு, சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இல்லாதவர்களுக்கே, சிறுநீரகம் கெட்டுப்போகிறது. கொளுத்தும் வெயிலில் தண்ணீரும் ஓய்வும் இல்லாமல் செய்யும் கடும் உழைப்பு அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அங்கே இப்போது சொல்லிக்கொடுப்பது மூன்று சொல்: தண்ணீர், ஓய்வு, நிழல்.

அந்த நிழலை ஆளோடு கூடவே அனுப்புவதுதான் தொப்பி. மரத்தடிக்குப் போய் வர நேரம் ஆகும், தொப்பி நிழல் கூடவே வரும்.

வாங்கும்போதும் செய்யும்போதும் நான் பார்ப்பவை இவை.

விளிம்பு சுற்றிலும் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் புற்றுநோய்த் தடுப்பு அமைப்பு குறைந்தது 7.5 சென்டிமீட்டர் விளிம்பு வேண்டும் என்கிறது. நம் கணக்கில் நாலு விரல் அகலம். முன்பக்கம் மட்டும் நீட்டிய தொப்பியை அவர்கள் போதாது என்கிறார்கள், காதும் பிடரியும் வெயிலில் கிடப்பதால். நம் தோலுக்குப் புற்று ஆபத்து குறைவு என்றாலும் கண்ணுக்கு உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் கண்புரைக்கு ஒரு காரணம்.

உள்ளே வளையம் வேண்டும். பிரம்பிலோ, வாழை நார்ச் சும்மாடு மாதிரியோ செய்து உள்ளே கட்டிவிட்டால் ஓலைக்கும் தலைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் கிடைக்கும். தாடைக்குக் கீழே கட்ட பருத்தி நாடா வேண்டும். வியர்வை ஊறாத நைலான், ரெக்சின் இரண்டும் வேண்டாம். காற்று அனலாக வீசும் அக்கினி நட்சத்திர நாளில் ஓலைக்குக் கீழே நனைத்த பருத்தித் துண்டு ஒன்றையும் கட்டிக்கொள்ளலாம். இரண்டு ஊர் அறிவும் ஒரே தலையில்.

பாக்குமட்டை கிடைக்கும் ஊர்க்காரர்களுக்கு இன்னும் சுலபம். விழுந்த மட்டையைத் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் மாதிரி வளையும். இரண்டு முனையையும் கொசுவி மடித்து நாரால் தைத்து, காயவிட்டால் தொப்பி.

ஒன்றை மறக்க வேண்டாம். தொப்பி இருக்கிறது என்று உச்சி வெயிலில் நிற்கக் கூடாது. தாகம் எடுப்பதற்கு முன்பே குடிக்க வேண்டும். யாருக்காவது பேச்சுக் குழறினால், குழப்பமாக நடந்தால், மயங்கினால், நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். மயங்கினவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

எங்கள் ஊரில் நடந்தது

இந்தத் தை மாசம் பக்கத்து ஊரில் பனையோலைக் கூடை முடையும் ஒருவரிடம் போய்ப் படம் காட்டி, பத்து ஓலைத் தொப்பி செய்யச் சொன்னேன். "கூடைய கவுத்தா தொப்பி, அவ்ளோதான சார்?" என்றார். ஒன்று 250 ரூபாய் பேசினோம். களை எடுப்புக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே போட்டார்கள். பழைய ஆயா மட்டும் அரை நாளில் கழற்றி வரப்பில் வைத்துவிட்டார். "குனிஞ்சா கண்ணு மேல வந்து வுழுது சாரு. எனுக்கு என் துண்டே போதும்" என்றார்.

அவர் சொன்னது சரி. படத்தில் வெளிப்பக்கத்தைத்தான் பார்த்தோம், உள் வளையம் கூடைக்காரருக்கும் தெரியவில்லை, எனக்கும் நான் படித்தது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. திரும்பக் கொண்டுபோய் வளையமும் நாடாவும் வைத்துத் தைத்து வாங்கினோம். இந்தச் சித்திரையில் மல்லாட்டை பறிப்புக்கு ஆயா அதைப் போட்டுக்கொண்டார், கீழே தன் ஈரத்துண்டையும் விடவில்லை. பத்தரை மணிக்கு வேலையை நிறுத்தி, சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி ஆரம்பித்தோம்.

வரவு செலவு நோட்டில் விதை, உழவு, பஞ்சகவ்யம், கூலி என்று எழுதும் பக்கத்தில் இந்த வருஷம் ஒரு புது வரி சேர்த்திருக்கிறேன்: ஓலைத் தொப்பி 10, ரூ. 2,500. வளையத்துக்குக் கூடைக்காரர் தனியாகக் காசு வாங்கவில்லை. "தப்பு எம்மேலயும் இருக்குது சார்" என்றார்.